கப்பலைக் கழித்தால் கடல்

போன மாதம் ஒரு ராத்திரி, கல்லூரி ஜூனியர் ஒருவன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். ட்ரெயினிங் முடிந்து ப்ராஜெக்ட் ஒதுக்கிய நாள் அது. "அண்ணா, என்னய சப்போர்ட்ல தூக்கிப் போட்டுட்டாங்கண்ணா" என்றான். துக்கச் செய்தி சொல்கிற மாதிரி குரல் இறங்கியிருந்தது.

ஐடிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதன் கனம் சட்டென்று பிடிபடாது. புதிதாக ஒன்றைக் கட்டுகிறவர்கள் டெவலப்மென்ட். யாரோ கட்டிவிட்டுப் போனது விழாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் சப்போர்ட். நைட் ஷிஃப்ட், டிக்கெட், அதிகாலை மூன்று மணிக்கு அலறும் போன். எல்லாம் ஒழுங்காக ஓடினால் நீங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஓடாத அன்றைக்குத்தான் உங்கள் பெயர் மெயிலில் வரும்.

நானும் அங்கிருந்து வந்தவன்தான். 2012இல் ஒரு கம்பெனியில் சேர்ந்து, மூன்று வருடம் ராத்திரியில் விழித்திருந்தேன். அந்த மூன்று வருடத்தில் ஒரு சம்பவம் மட்டும் மறக்கவில்லை. வாடிக்கையாளரின் சிஸ்டம் பதில் அனுப்ப நான்கு விநாடி தாமதிக்கிறது என்று இரண்டு வாரம் அவர்களோடு சண்டை போட்டோம். லாகில் ஒவ்வொரு வரியும் எங்கள் பக்கம்தான் பேசியது. கடைசியில் எங்கள் ஷிஃப்ட் லீட் அக்கா ஒருவர், யாரும் கேட்காமலேயே, எங்கள் இரண்டு சர்வர்களின் கடிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று நான்கு விநாடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. தாமதம் என்று ஒன்று இல்லவே இல்லை. நாங்கள் அளந்தது எங்களைத்தான். பிரச்சினை தீர்ந்தது என்று மறுநாள் போன மெயிலில் அக்காவின் பெயர் இல்லை.

இதை அந்தப் பையனிடம் சொன்னால் இன்னும் பயந்துவிடுவான். "நாளைக்குப் பேசலாம் தம்பி" என்று வைத்துவிட்டேன். அந்தச் சமயத்தில் நான் வேறொன்றைப் படித்துக்கொண்டிருந்தேன்: கப்பலில் போய்க் கடல் நீரோட்டத்தை அளப்பவர்களின் வரலாறு. அதற்குள் போன வழியும் கொஞ்சம் விசித்திரம். பைதானில் வரைபடம் போடுகிற எல்லாருக்கும் மேட்பிளாட்லிப் தெரியும். அதன் பழைய மாற்றக் குறிப்புகளைத் துழாவியபோது எரிக் ஃபயரிங் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் பட்டது. யாரென்று தேடினால், ஹவாய் பல்கலைக்கழகத்தில் கடல் நீரோட்டம் ஆராய்பவர். கடல்காரருக்கு இங்கே என்ன வேலை என்று ஒரு நூலைப் பிடித்து இழுத்தேன். இருநூறு வருடம் பின்னால் போய் நின்றேன்.

*

ஆற்றின் வேகத்தை அளப்பது சுலபம். கரையில் நின்றுகொண்டு, ஒரு மட்டையைத் தண்ணீரில் போட்டு, அது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தால் போதும். கரை நகராது என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை. நடுக்கடலில் கரை கிடையாது. தண்ணீர் நகர்கிறது, அதன்மேல் கப்பல் நகர்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு எதை அளப்பது?

பழைய மாலுமிகளின் வழி இது. நேற்று மதியம் இங்கே இருந்தோம், இன்ன திசையில் இன்ன வேகத்தில் வந்தோம், ஆகவே இப்போது இங்கே இருக்கவேண்டும் என்று ஒரு கணக்கு. பிறகு சூரியனையோ நட்சத்திரத்தையோ பார்த்து உண்மையில் எங்கே இருக்கிறோம் என்று இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் இடையே விழுகிற துண்டைக் கடல் நீரோட்டத்தின் தலையில் எழுதிவிடுவார்கள். சொல்லப்போனால், கணக்கில் உதைக்கும் மிச்சத்துக்கு வைத்த பெயர்தான் நீரோட்டம். சுக்கான் பிடித்தவன் கண்ணயர்ந்தது, காற்று பக்கவாட்டில் தள்ளியது என எல்லாம் அந்த மிச்சத்துக்குள் கலந்திருக்கும்.

அந்த மிச்சங்களைப் பொறுக்கி எடுத்து ஒரு அறிவாக்கியவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ ஃபான்டெய்ன் மோரி. 1839இல் கோச்சு வண்டி விபத்தில் கால் முறிந்து, இனிக் கப்பலுக்கு லாயக்கில்லை என்றாகி, 1842இல் வரைபடங்களும் கருவிகளும் வைத்திருக்கும் கிடங்குக்குப் பொறுப்பாளரானார். நம் மொழியில், சப்போர்ட்டில் தூக்கிப் போட்டார்கள். அங்கே பழைய கப்பல்களின் நாட்குறிப்புகள் குவிந்து கிடந்தன. அவற்றில் அன்றாடம் பதிந்திருந்த காற்றையும் நீரோட்டத்தையும் தொகுத்து, 1847இல் வட அட்லாண்டிக்குக்கு ஒரு வரைபடம் வெளியிட்டார். தங்கள் குறிப்புகளை அனுப்புகிற கேப்டன்களுக்கு அது இலவசம். ஒரு கப்பலின் பிழை வெறும் பிழைதான். ஆயிரம் கப்பல்களின் பிழைகளை ஒன்றாக அடுக்கினால், தற்செயலானவை ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவதுதான் கடல்.

ஆனால் அது மேற்பரப்பு மட்டும். அடியில் என்ன நடக்கிறது என்பதற்குக் கருவி வேண்டும். 1900களின் தொடக்கத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த வாக்ன் வால்ஃப்ரிட் எக்மன் ஒன்றைச் செய்தார். கம்பியில் கட்டி இறக்கும் சிறு விசிறி. கம்பி வழியே ஒரு எடையை நழுவவிட்டால் விசிறி சுழல ஆரம்பிக்கும், இரண்டாவது எடையை விட்டால் நிற்கும். இடையில் குறிப்பிட்ட சுற்றுக்கு ஒருமுறை ஒரு குட்டி வெண்கலக் குண்டு, காந்த ஊசியின் மேலிருக்கும் தடத்தில் உருண்டு கீழே உள்ள பெட்டியில் விழும். பெட்டியில் 36 அறைகள், அறைக்குப் பத்து டிகிரி. மேலே இழுத்து எந்த அறையில் எத்தனை குண்டு என்று எண்ணினால் வேகமும் திசையும் கிடைத்துவிடும். பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது.

சிக்கல் அதே பழைய சிக்கல்தான். கருவி கப்பலில் தொங்குகிறது. நங்கூரம் போட்ட கப்பலும் கயிற்றின் நுனியில் ஊசலாடும். ஆழத்து நீரோட்டம் மெதுவானது என்றால், விசிறி கணிசமாக அளப்பது கப்பலின் ஆட்டத்தைத்தான். எங்கள் சர்வர் கடிகாரம் மாதிரி.

*

இங்கிலாந்தின் தேசியக் கடலியல் நிறுவனத்தில் ஜான் ஸ்வாலோ 1955இல் வெளியிட்ட யோசனை, கப்பலில் கருவியைத் தொங்கவிடும் வழக்கத்தையே விட்டுவிடுவது. தண்ணீரோடு தண்ணீராகப் போகிற ஒரு மிதவையை ஆழத்துக்கு அனுப்பிவிட்டு, அதை மேலிருந்து ஒட்டுக்கேட்டால் என்ன?

இதற்கு அவர் எடுத்துக்கொண்டது கட்டடத்துக்குச் சாரம் கட்டும் அலுமினியக் குழாய். கடல்நீரைவிடக் குறைவாக நசுங்கும் ஒரு பொருள், கீழே போகப் போக, சுற்றியுள்ள நீரோடு ஒப்பிட்டால் இலேசாகிக்கொண்டே வரும். ஏதோ ஓர் ஆழத்தில் எடை சரிக்குச் சரியாகி அங்கேயே நின்றுவிடும். குழாயின் சுவர் தடிமனாக இருந்தால் மிதக்காது, மெல்லியதாக இருந்தால் அழுத்தத்தில் நொறுங்கிவிடும். ஆகவே குழாய்களைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டு, தேவையான அளவுக்குச் சுவரைக் கரைத்தார்கள். கிராம் கணக்கில் எடை பார்த்தார்கள். உள்ளே பேட்டரியும் விட்டுவிட்டு ஒலிக்கும் ஒரு சுற்றும். கப்பலில் இருந்தவர்கள் நீரடி மைக்குகளை இறக்கி, அந்த ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும்.

1957 மார்ச்சில் 'டிஸ்கவரி 2' கப்பலில் ஸ்வாலோவும், அமெரிக்காவின் 'அட்லாண்டிஸ்' கப்பலில் வால் வொர்திங்டனும் தெற்குக் கரோலினாவுக்கு அப்பால் சந்தித்தார்கள். மேலே வளைகுடா நீரோட்டம் வடக்கே ஓடுகிற இடம். அதற்கு அடியில் எதிர்த்திசையில் தெற்கே ஓடும் ஓட்டம் இருக்கவேண்டும் என்று ஹென்றி ஸ்டோமெல் காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தார். 2,000 மீட்டருக்கும் கீழே விடப்பட்ட மிதவைகள் தெற்கே போயின. பாடப்புத்தகங்களில் ஸ்டோமெலின் கணிப்பு உறுதியான தருணம் இது. நான் நினைத்துப் பார்ப்பது இன்னொரு காட்சியை. குழாயைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் எத்தனை நேரம் விடலாம் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் யாரோ ஒருவர் இருந்திருப்பார். அவர் கொஞ்சம் கூடுதலாக விட்டிருந்தால் அந்த மிதவை நொறுங்கியிருக்கும்.

இரண்டு வருடம் கழித்து நடந்ததுதான் பெரிய கதை. 1959இல் 'ஏரீஸ்' என்ற சிறு பாய்மரக் கப்பலை வைத்துக்கொண்டு, பெர்முடாவுக்கு மேற்கே இதே மிதவைகளை விட்டார்கள். நடுக்கடலின் ஆழத்தில் தண்ணீர் ஆடி அசைந்துதான் போகும், ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப வந்து தேடினாலும் பக்கத்திலேயே கிடக்கும் என்பது எதிர்பார்ப்பு. வந்து பார்த்தால் மிதவைகளைக் காணோம். எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு வேகத்தில், ஆளுக்கொரு திசையில் போயிருந்தன. ஆழ்கடல் ஒரு சீரான மெதுவான ஓட்டம் என்ற படம் அங்கே உடைந்தது. பல பத்து, சில நூறு கிலோமீட்டர் அகலச் சுழல்களால் நிறைந்தது கடல். வானத்துக்கு வானிலை இருப்பதுபோலக் கடலுக்கும் ஒன்று உண்டு.

*

ஒவ்வொரு மிதவையின் பின்னாலும் ஓடிக்கொண்டிருக்க முடியாது. போகிற போக்கிலேயே அளக்கவேண்டும். அதற்கு வந்ததுதான் ஏடிசிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டாப்ளர் கருவி. ஃபிரான் ரோவ், கென்ட் டைன்ஸ் என்ற இருவர் 1980களின் தொடக்கத்தில் சான் டியேகோவில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள்.

ரயில் நம்மைக் கடந்து போகும்போது ஹாரனின் சுருதி இறங்குகிறதல்லவா, அதே தத்துவம். கப்பலின் அடிவயிற்றில் பொருத்திய கருவி, சாய்வான நான்கு கற்றைகளாக ஒலியைக் கீழே அனுப்பும். தண்ணீரோடு மிதக்கும் சிற்றுயிர்களில் பட்டு எதிரொலி திரும்பும். தண்ணீர் நகர்ந்தால் அதன் சுருதி மாறியிருக்கும். சீக்கிரம் திரும்பும் எதிரொலி மேல்மட்டத்தது, தாமதமாகத் திரும்புவது ஆழத்தது. 75,000 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினால், கற்றையின் திசையில் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் நகரும் தண்ணீர் அதை வெறும் 10 ஹெர்ட்ஸ் மாற்றும். அதைப் பிடித்தாக வேண்டும்.

அந்தப் பத்து ஹெர்ட்ஸைப் பிடிப்பதைவிடக் கஷ்டமானது வேறொன்று. கருவி சொல்வது கப்பலைப் பொறுத்துத் தண்ணீரின் வேகம். கப்பலே விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கழிக்கவேண்டும். கழிப்பதற்குக் கப்பல் எந்தத் திசையில் பார்த்து நிற்கிறது என்று துல்லியமாகத் தெரியவேண்டும். திசைகாட்டி ஒரே ஒரு டிகிரி தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 மீட்டரை ஒரு டிகிரியின் சைனால் பெருக்கினால் சுமார் 9 சென்டிமீட்டர். அதாவது, இல்லாத ஒரு நீரோட்டம் கப்பலுக்குக் குறுக்கே விநாடிக்கு 9 சென்டிமீட்டர் வேகத்தில் பாயும். நடுக்கடலில் அசலான நீரோட்டங்கள் பலவும் அந்த அளவுதான். கப்பல் திரும்பும்போதெல்லாம் கைரோ திசைகாட்டி ஒரு டிகிரி, இரண்டு டிகிரி பிசகுவது சாதாரணம்.

இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ்ஸும் அப்போது முழு உண்மை பேசவில்லை. ராணுவம் அல்லாதவர்களுக்கான ஜிபிஎஸ்ஸில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்துகொண்டிருந்தது. 2000 மே மாதத்தில்தான் நிறுத்தினார்கள். அதுவரை நூறு மீட்டர் வரை முன்னே பின்னே. இருபது நிமிடத்தில் நூறு மீட்டர் பிழை என்றால், அதுவும் விநாடிக்கு 8 சென்டிமீட்டர் பொய் நீரோட்டம்.

இங்கேதான் ஹவாய்க்காரர்கள் வருகிறார்கள். எரிக் ஃபயரிங், ஜூல்ஸ் ஹம்மன் ஆகியோர் வளர்த்தெடுத்த யூஎச்டாஸ் என்ற மென்பொருள் அமெரிக்க ஆய்வுக் கப்பல்கள் பலவற்றில் ஓடுகிறது. கருவியின் தரவையும் ஜிபிஎஸ்ஸையும் திசைகாட்டிகளையும் சேர்த்து, கப்பலைக் கழித்து, கடலைத் திரையில் காட்டும். நாளுக்கு ஒருமுறை, எல்லாம் நலமா என்று ஒரு மின்னஞ்சலைக் கரைக்கு அனுப்பும். இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நடுக்கடலிலும் ஹெல்த் செக் மெயில்!

திசைப் பிழையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆய்வுக் கப்பல் போய்க்கொண்டே இருக்காது. கருவி இறக்க நிற்கும், பிறகு கிளம்பும். கப்பல் நின்றது, கிளம்பியது என்பதற்காகக் கடல் தன் போக்கை மாற்றிக்கொள்ளாது. ஆகவே கிளம்பிய நொடியில் திரையில் நீரோட்டம் குதித்தால், குதித்தது கடல் இல்லை, நம் கணக்கு. இப்படி நூற்றுக்கணக்கான நிறுத்தங்களை எடுத்துக்கொண்டு, எத்தனை டிகிரி திருத்தினால் அந்தக் குதி மறைகிறது என்று பார்ப்பார்கள். கடிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அக்காவின் அதே வேலை.

இதையெல்லாம் கப்பலில் தினசரி கவனிப்பவர்கள் மரைன் டெக்னீஷியன்கள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், கம்ப்யூட்டர் படித்தவர், கடற்படையிலிருந்து வந்தவர் எனப் பல தினுசு. விஞ்ஞானிகள் ஒரு பயணத்துக்கு வந்து இறங்கிப் போவார்கள். டெக்னீஷியன் அடுத்த குழுவுக்காகக் காத்திருப்பார். பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட். ராத்திரி இரண்டு மணிக்கு, ஆடும் டெக்கில் பாதுகாப்பு உடுப்போடு நின்று விஞ்ச் கேபிளைப் பார்க்கவேண்டும். கேபிளின் நுனி உப்பில் அரித்தால் வெட்டி மறுபடி இணைக்கவேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பலுக்கு அடியில் குமிழிகள் புகுந்து ஏடிசிபியின் காதை அடைத்துவிடும். அப்போது திரையில் தெரிவது கடலா குமிழியா என்று சொல்லத் தெரியவேண்டும். இதை ரொமாண்டிக்காக்க எனக்கு ஆசையில்லை. மாதக்கணக்கில் வீட்டை விட்டிருக்கும் வேலை. ஆய்வுக் கட்டுரையில் இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசிப் பக்கத்து நன்றி வரி.

*

அந்த நன்றி வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லவேண்டும்.

அட்லாண்டிக்கில் மேலே வெதுவெதுப்பான நீர் வடக்கே போய், குளிர்ந்து அமிழ்ந்து, ஆழத்தில் தெற்கே திரும்புகிறது. ஸ்வாலோ 1957இல் கேட்டது இந்தத் திரும்பும் காலின் சத்தத்தைத்தான். ஐரோப்பாவின் தட்பவெப்பத்தில் இதற்குப் பங்குண்டு. பூமி சூடாகும்போது இது தளர்ந்துவிடுமா என்பது இன்றைய பெரிய கேள்விகளில் ஒன்று. 2005இல் ஒரு கட்டுரை வந்தது. 1957, 1981, 1992, 1998, 2004 என ஐந்து கப்பல் பயணங்களின் அளவுகளை ஒப்பிட்டு, இந்த ஓட்டம் சுமார் 30 சதவீதம் குறைந்திருக்கிறது என்றது. முதல் பயணம் அதே 'டிஸ்கவரி 2'. உலகமே திரும்பிப் பார்த்தது.

அதற்கு முந்தைய வருடம்தான், 2004இல், பஹாமாஸுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே 26 டிகிரி அட்சரேகையை ஒட்டி 'ரேப்பிட்' என்ற திட்டத்தில் கருவிகளை நட்டிருந்தார்கள். கடலடியில் நங்கூரம், அதிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் மேலெழும் கம்பி, கம்பியில் வரிசையாகக் கருவிகள், தூக்கி நிறுத்தக் கண்ணாடிக் கோளங்கள். முதல் வருடத் தரவு 2007இல் வெளியானது. ஒரே வருடத்துக்குள் அந்த ஓட்டம் 4 ஸ்வெர்ட்ரப் முதல் 35 ஸ்வெர்ட்ரப் வரை ஏறி இறங்கியிருந்தது. ஒரு ஸ்வெர்ட்ரப் என்றால் விநாடிக்குப் பத்து லட்சம் கன மீட்டர். உலகத்து ஆறுகளை எல்லாம் சேர்த்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். ஐம்பது வருடத்தில் எடுத்த ஐந்து போட்டோக்களில் தெரிந்த வித்தியாசம், ஒரு வருடத்து ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிட்டது. 2005இல் எழுதியவர்கள் கையிலிருந்ததை நேர்மையாகத்தான் கணக்கிட்டார்கள். ஓட்டம் தளர்கிறதா என்ற கேள்வியும் செத்துவிடவில்லை. ஐந்து போட்டோவை வைத்துப் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தது, அவ்வளவுதான். பதில் வேண்டுமென்றால் வருடா வருடம், பத்தாண்டு பத்தாண்டாக, விடாமல் அளக்கவேண்டும்.

அப்படியென்றால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை யாராவது கப்பலில் போகவேண்டும். ஒலிச் சமிக்ஞை அனுப்பினால் அடியில் உள்ள கொக்கி திறக்கும். நங்கூரத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் மேலே வரும், வந்தால். ஒவ்வொரு கருவியாகக் கழற்றி, பாசி சுரண்டி, தரவை இறக்கி, பேட்டரி மாற்றி, புதிய நங்கூரத்தோடு மறுபடி இறக்கவேண்டும். புதிதாக எதுவும் கட்டுவதில்லை. கட்டியது ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். உலகத்தின் முக்கியமான கேள்வி ஒன்றுக்கான பதில் ஒரு சப்போர்ட் ப்ராஜெக்டை நம்பி இருக்கிறது.

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸில் ஏறினால் பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் கட்டடம் வரும். 1993இல் தொடங்கியது. வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதவைகளை நட்டுப் பராமரிப்பது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. மிதவையின் நிழலில் மீன் சேரும், மீனைத் தேடிப் படகு வரும், கயிறும் சென்சாரும் சேதமாகும், மறுபடி கப்பல் போகும். எத்தனையோ வருடம் அந்த வழியாகப் போயும், உள்ளே நடப்பதைப் பற்றி நான் யோசித்ததில்லை. போர்டைப் பார்த்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கவேண்டும் என்று மட்டும் தெரியும்.

*

மறுநாள் ராத்திரி அந்தப் பையனைக் கூப்பிட்டேன். சப்போர்ட்தான் உசத்தி என்று அவனிடம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். சம்பளமும் பெயரும் வேறு பக்கம்தான் போகும், நானே மூன்று வருடம் கழித்து மாறி வந்தவன்தான். ஸ்வாலோவின் குழாய்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொன்னேன். "காஸ்டிக் சோடாவுலயாண்ணா?" என்று ஆச்சரியப்பட்டான். பிறகு கேட்டேன்.

"உங்க சர்வரெல்லாம் ஒரே நேரம் காட்டுதான்னு யார்ப்பா பாக்கறாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"தெரியலண்ணா. யாராச்சும் பாப்பாங்க."

"யாருன்னு கேட்டுப் பாரு."

"சரிண்ணா. இன்னிக்கு நைட் ஷிஃப்ட்தான், போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றான்.